சதி என்று ஒருவர் சொன்னால் அதை எப்படி எடைபோடுவது

முதல் வேலையாக ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, அந்தச் சதிக் கதையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். முடிவெடுத்தது யார், சுட்டது யார், எங்கிருந்து, எத்தனை பேருக்கு முன்கூட்டியே தெரியும். இந்த நான்கும் அதில் வந்தாக வேண்டும்.

என் அக்கா மகன் போன மாதம் அமெரிக்க ஜனாதிபதி ஜான் கென்னடி கொலையைப் பற்றி ஒரு வீடியோ அனுப்பினான். நாற்பது நிமிஷம் ஓடியது. "இதில் என்ன சொல்கிறார்கள் என்று ஒரே வரியில் எழுதி அனுப்பு" என்றேன். இரண்டு நாள் கழித்து, "மாமா, கேள்விதான் நிறைய இருக்கு, பதில்னு ஒண்ணும் இல்லையே" என்று பதில் போட்டான். சரி, பாதி வேலை முடிந்தது. "ஏன் அப்படி நடந்தது?" என்று நூறு முறை கேட்கலாம், அதற்குச் செலவே இல்லை. இப்படித்தான் நடந்தது என்று சொல்பவரைத்தான் குறுக்கு விசாரணை செய்ய முடியும்.

நான் 27 வருஷம் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்தவன். சாட்சி சொல்லச் சொல்ல எழுதியே காலம் போனது. கென்னடி கொலையைப் பற்றி ஒரு நோட்டுப் போட்டுப் பல வருஷமாக எழுதி வருகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு சந்தேகம். விடை கிடைத்தால் குறுக்கே கோடு போட்டுத் தேதி எழுதுவேன்.

சதி என்றாலே பொய் என்று ஆரம்பிக்காதீர்கள். லிங்கன் கொலை சதிதான். 1865 ஏப்ரல் 14 இரவு நடிகர் பூத் லிங்கனைச் சுட்ட அதே நேரத்தில், பூத்தின் கூட்டாளி வெளியுறவு அமைச்சர் சீவர்டை வீட்டுக்குள் புகுந்து கத்தியால் குத்தினார். துணை ஜனாதிபதியைக் கொல்ல வேண்டியவர் தைரியம் இல்லாமல் திரும்பிப் போய்விட்டார். காந்தி கொலையும் சதிதான். அதில் ஒருவர் அப்ரூவராக மாறி எல்லாவற்றையும் சொன்னார். உண்மையான சதி இப்படித்தான் இருக்கும்: ஒருவர் பயப்படுவார், ஒருவர் உளறுவார், ஒருவர் ஓடுவார். எல்லாரும் கடைசிவரை வாயே திறக்காத, ஒரு தப்புகூட நடக்காத சதியை யாராவது விவரித்தால் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

அடுத்தது சாட்சிகள். இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். எனக்கு மறக்காத ஒரு விபத்து வழக்கு உண்டு. ஒரு சாட்சி முதல் நாள் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்தது இவ்வளவுதான்: "சத்தம் கேட்டுத் திரும்பினேன், லாரி நின்றுகொண்டிருந்தது." மூன்று வருஷம் கழித்துக் கூண்டில் ஏறியவர், லாரி எவ்வளவு வேகத்தில் வந்தது, டிரைவர் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்றெல்லாம் சொன்னார். எழுதிக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பொய் சொல்லவில்லை. மூன்று வருஷமாகக் காதில் விழுந்ததெல்லாம் அவர் கண்ணால் பார்த்ததாக மாறியிருந்தது. அதனால் எந்தச் சாட்சியாக இருந்தாலும் முதல் வாக்குமூலத்தைத் தேடுங்கள். இருபது வருஷம் கழித்துக் கொடுத்த பேட்டியில் புதிதாக முளைத்த விவரத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

டல்லாஸில் 1963 நவம்பர் 22 அன்று கென்னடியின் கார் ஊர்வலத்தைப் பார்க்கச் சாலையோரம் நின்றவர்களில் பெரும்பாலோர் மூன்று வெடிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். சிலர் காருக்குப் பின்னால் இருந்த பாடப்புத்தகக் கிடங்குப் பக்கமிருந்து என்றார்கள், சிலர் முன்னால் இருந்த புல்மேட்டுப் பக்கமிருந்து என்றார்கள். சதி இருக்கிறது என்பவர்கள் இரண்டாவது கூட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இரண்டு பக்கமிருந்தும் கேட்டது என்று சொன்னவர்கள் மிகச் சிலரே. இரண்டு இடத்திலிருந்து சுட்டிருந்தால் அப்படிச் சொன்னவர்கள் நிறைய இருந்திருக்க வேண்டும். கட்டடங்கள் சூழ்ந்த இடத்தில் எதிரொலி காதை ஏமாற்றும் என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம்.

மனிதர்களுக்கு அப்புறம் பொருட்கள். கென்னடியைத் துளைத்த குண்டே முன்னால் இருந்த டெக்சாஸ் கவர்னர் கொனலியையும் துளைத்தது என்று கொலையை விசாரித்த வாரன் கமிஷன் சொன்னது. அதைக் கேலி செய்யும் படங்களில், குண்டு நடுவானில் வளைந்து திரும்பும். அந்தப் படத்தை வரைந்தவர் இருவரையும் ஒரே உயரத்தில், நேருக்கு நேராக உட்காரவைத்திருப்பார். உண்மையில் கொனலி உட்கார்ந்தது மடக்கு இருக்கை. கென்னடியின் இருக்கையைவிடத் தாழ்வு, காரின் உட்பக்கம் தள்ளியும் இருந்தது. உடம்பையும் வலப்பக்கம் திருப்பியிருந்தார். நானே ஒரு தாளில் மேலிருந்து பார்ப்பது போல ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக வரைந்து பார்த்தேன். கோடு நேராகப் போனது. அன்றைக்கு நோட்டில் ஒரு பக்கத்தை அடித்தேன்.

கடிகாரத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கென்னடியைச் சுட்டதாகப் பிடிபட்ட ஆஸ்வால்ட் அந்தப் பாடப்புத்தகக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தது அக்டோபர் 16. ஊர்வலப் பாதை முடிவானது நவம்பர் நடுவில். அவரைத் திட்டமிட்டு அங்கே வைத்தார்கள் என்றால், பாதை எப்படி முன்கூட்டியே தெரிந்தது என்று சொல்ல வேண்டியது அப்படிச் சொல்பவரின் பொறுப்பு.

கொலை நடந்து இரண்டு நாள் கழித்து, போலீஸ் காவலில் இருந்த ஆஸ்வால்டை ஜாக் ரூபி என்ற இரவு விடுதிக்காரர் சுட்டுக் கொன்றார். ஆஸ்வால்டின் வாயை மூட அவரை அனுப்பினார்கள் என்பது எல்லாரும் சொல்வது. நவம்பர் 24 காலை ஆஸ்வால்டைப் பத்து மணிக்கு மேல் வேறு சிறைக்கு மாற்றுவார்கள் என்று அறிவித்திருந்தார்கள், தாமதமாகிவிட்டது. ரூபி 11.17க்குப் பக்கத்துத் தந்தி அலுவலகத்தில் 25 டாலர் மணியார்டர் அனுப்பினார். ரசீதில் நேரம் இருக்கிறது. சுட்டது 11.21க்கு. நடுவில் நான்கு நிமிஷம். இதை வைத்து ரூபி யாருடைய ஆளும் இல்லை என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் ஏவப்பட்ட ஆள் எதற்காக இவ்வளவு நேரம் கழித்து, வரிசையில் நின்று பணம் அனுப்பிவிட்டு வந்தார் என்பதற்குச் சதிக் கதையில் ஒரு வரி வேண்டும்.

"யாருக்கு லாபம்?" என்ற கேள்விக்கு நான் மதிப்பெண்ணே போடுவதில்லை. ஜனாதிபதி செத்தால் யாராவது ஒருவருக்கு லாபம் இருக்கத்தான் செய்யும்.

"அரசாங்கம் மறைத்தது" என்பது அப்படித் தள்ளக்கூடியது அல்ல. மறைத்தார்கள் என்பது உண்மை. ஆஸ்வால்ட் டல்லாஸ் எஃப்பிஐ அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவர் செத்ததும் அங்கிருந்த அதிகாரி அதைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டார். 1975இல்தான் வெளியே வந்தது. கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ போட்ட திட்டங்களை வாரன் கமிஷனிடம் சொல்லவே இல்லை. கமிஷன் உறுப்பினராக இருந்த ஆலன் டல்லஸ், சிஐஏவின் முன்னாள் தலைவர். இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் கோபத்தோடு எடைபோடக் கூடாது. மறைத்த பொருள் எதைக் காட்டுகிறது என்று பாருங்கள். கொலையைச் செய்ததையா, கோட்டை விட்டதையா?

காந்தி விஷயத்தில் இது பளிச்சென்று தெரியும். 1948 ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்து, ஒருவர் பிடிபட்டார். பூனாப் பத்திரிகை ஆசிரியர் ஒருவரைப் பற்றிய துப்பும் அவர் சொன்னதில் இருந்தது. பத்து நாள் கழித்து அதே கூட்டம் வந்து கொன்றது. போலீஸின் மெத்தனம் மன்னிக்க முடியாதது. அதற்காகப் போலீஸும் சதியில் கூட்டு என்று ஆகிவிடாது.

கடைசியாக, எந்த ஆதாரத்தைக் கேட்டாலும் "அதற்கப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். 1979இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவே அநேகமாகச் சதி என்று சொன்னது என்பார்கள். உண்மைதான். போலீஸ் வயர்லெஸ் ஒலிப்பதிவில் நான்காவது வெடி, அதாவது இன்னொருவர் சுட்டது, இருப்பதாக நம்பிச் சொன்னார்கள். 1982இல் தேசிய அறிவியல் அகாடமியின் குழு அதே பதிவை ஆராய்ந்து, அந்தச் சத்தங்கள் கொலை நடந்து சுமார் ஒரு நிமிஷத்துக்கு அப்புறம் பதிவானவை என்றது. முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விடுகிறவரின் மற்ற ஆதாரங்களையும் கவனமாகப் பாருங்கள். ஆஸ்வால்ட் தனியாகச் செய்தார் என்ற வாரன் கமிஷன் அறிக்கைக்காக வாதாடுகிறவரிடமும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

என் நோட்டில் பெரும்பாலான பக்கங்களுக்குக் கோடு விழுந்துவிட்டது. 1963 செப்டம்பர் கடைசியில் ஆஸ்வால்ட் மெக்சிகோ நகரத்துக்குப் போய் கியூபத் தூதரகத்துக்கும் சோவியத் தூதரகத்துக்கும் நடந்திருக்கிறார். சிஐஏ அந்த இரண்டு இடத்தையும் கண்காணித்துக்கொண்டிருந்தது. அவரைப் பற்றி அவர்களுக்கு அப்போது எவ்வளவு தெரிந்திருந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். புதிதாக ஆவணம் வெளியாகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் திறப்பேன். அதற்கு இன்னும் கோடு போடவில்லை.