பழைய மின்சார ஸ்கூட்டர் வாங்குமுன் பாலம் ஏறிப் பாருங்கள்

பழைய மின்சார ஸ்கூட்டர் வாங்கும்போது, முழு சார்ஜில் மீட்டர் காட்டும் வோல்ட்டை நம்பாதீர்கள். சார்ஜ் பாதியாக இருக்கும்போது பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறுங்கள்; வோல்ட் எவ்வளவு சரிகிறது, நிறுத்தியதும் எவ்வளவு மீள்கிறது என்று கவனியுங்கள். நம் டெல்டாவில் மேட்டுக்கு எங்கே போவது? கொள்ளிடப் பாலத்துக்கு ஏறும் சாலையே போதும்.

பேட்டரிக்குள் வரிசையாக இணைத்திருக்கும் லித்தியம் அயனி செல் ஒவ்வொன்றும் புதியதோ பழையதோ, சார்ஜர் பெரும்பாலும் 4.2 வோல்ட்டில்தான் நிறுத்துகிறது. ஆகவே அந்த எண் வயதைச் சொல்லாது. நாளாக ஆக, கிராஃபைட் எதிர்மின்வாயின் மேல் ஒரு படலம் தடித்து லித்தியத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, உள்மின்தடையும் கூடுகிறது. மோட்டார் அதிக மின்னோட்டம் இழுக்கும்போது அந்தத் தடையில் வோல்ட் இறங்கி, சுமை நீங்கியதும் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது. அந்த இறக்கம்தான் மூப்பைக் காட்டிக்கொடுக்கும். முடிந்தால் அதே மாடல் புது வண்டியை அதே பாலத்தில் ஓட்டி ஒப்பிடுங்கள். இது மிக முக்கியம்.

மார்கழி விடியற்காலைக் குளிரில் சோதிக்க வேண்டாம், நல்ல பேட்டரியும் அப்போது கூடுதலாகச் சரியும். வோல்ட் காட்டாமல் சதவீதம் மட்டும் காட்டும் வண்டிகளில் இந்த வழி பெரும்பாலும் பயன்படாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை செல்லுக்கு முழு சார்ஜ் 4.2 அல்ல, 3.65 வோல்ட்; அந்த எண்ணும் வயதைச் சொல்லாது. கொள்ளளவு எவ்வளவு மிச்சம் என்பதையும் பாலம் சொல்லாது. அதற்கு முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்று ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.