புது புல்வெட்டி மெஷினா? ஈரத்தில் இறக்காதீர்கள்

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துப் புல்தரைக்கு, பின்னால் நடந்தபடி ஓட்டும் பெரிய புல்வெட்டி வந்திருக்கிறது. வெட்டு சீராக விழுகிறது, குறையில்லை. ஆனால் நம் களிமண்ணில் ஐப்பசி மழைக்கு மறுநாளே இறக்கினால் சக்கரத் தடம் பதிகிறது. ஈர அறுகம்புல், வெட்டிய புல் சேரும் பைக்குள் போகாமல் பிளேடு மூடிக்கு அடியில் அப்பிக்கொள்கிறது. வெயில் ஏறி, புல் காய்ந்ததும் ஓட்டுங்கள். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு மேல் எடுக்க வேண்டாம்.

அப்புறம், அடியில் அப்பிய புல்லைச் சுரண்டும் முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிடுங்கள். பிளேடைக் கையால் திருப்பினாலே எஞ்சின் கிளம்பிவிடலாம். சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் ஆயில் அதற்குள் இறங்கிவிடும். கோரைக்கு மட்டும் இந்த மெஷின் பலிக்காது. வெட்ட வெட்டத் துளிர்க்கும், கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும்.