அப்பத்தாவின் போனில் சுகர் ஆப் போடுமுன்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இப்போது பல வீடுகளில் அப்பத்தாவின் சுகர், பிரஷர் கணக்கு போனில்தான் இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மகன் அங்கிருந்தே பார்த்துக்கொள்ள வசதி. சரி, அந்தக் கணக்கை வேறு யார் யார் பார்க்கிறார்கள்? ஆண்ட்ராய்டு போனை வைத்தே சொல்கிறேன்.

1. பிளே ஸ்டோரில் 'இன்ஸ்டால்' அழுத்துமுன் கீழே 'தரவுப் பாதுகாப்பு' என்ற பகுதியைத் திறங்கள். எதைச் சேகரிக்கிறார்கள், எதை வெளி நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள், அழிக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று இருக்கும். ஆனால் அதை எழுதுவது ஆப் செய்தவர்களேதான். வெளியே சொல்ல மாட்டோம் என்றுவிட்டு ஃபேஸ்புக், கூகுளுக்குத் தகவல் கொடுத்ததாக, மாதவிடாய்க் கணக்கு வைக்கும் ஃப்ளோ ஆப் மீது அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 2021-ல் நடவடிக்கை எடுத்தது.

2. தொடர்புகளைப் பார்க்கவா என்று கேட்டால் 'வேண்டாம்'. சுகர் எழுத ஊரார் நம்பர் எதற்கு?

3. இனி இருப்பிடம். இதில்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. அப்பத்தா விடியற்காலையில் ஊருணியைச் சுற்றி நடந்துவிட்டு வருகிறார். ஆப் அதை வரைபடமாகப் போடுகிறது. கோடு தொடங்கும் இடமும் முடியும் இடமும் வீட்டு வாசல். பத்து நாள் வரைபடத்தைச் சேர்த்துப் பார்த்தால், அத்தனை பெரிய வீட்டில் எந்த நேரம் ஆளில்லை என்பது தெரிந்துவிடும். நம் பக்கத்தில் பாதி வீடுகளில் ஒருவரோ இருவரோதானே இருக்கிறார்கள்! சுகர் அளவு வெளியே தெரிவதைவிட எனக்கு இதுதான் பயம். ஓட்டம், நடையைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பின் உலக வரைபடத்தில், வீரர்கள் ஓடிய தடங்களால் ராணுவ முகாம்களே தெரிந்தது 2018 ஜனவரியில் செய்தியானது.

அமைப்புகள், ஆப்ஸ், அந்த ஆப்பின் பெயர், அனுமதிகள் என்று போய் இருப்பிடத்தை மறுத்துவிடுங்கள். காலடி எண்ண 'உடல் செயல்பாடு' அனுமதி போதும். வரைபடம் வேண்டும் என்று அப்பத்தா பிடிவாதம் பிடித்தால், 'ஆப்ஸைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்று வையுங்கள். நடையை யார் பார்க்கலாம் என்பதை ஆப்புக்குள் 'நான் மட்டும்' என்று மாற்றுங்கள்.

4. மகனுக்குக் காட்ட, ஆப்பில் உள்ள பகிர்வு வசதியே போதும். பாஸ்வேர்டைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள்.

5. 'ஏற்கிறேன்' அழுத்துமுன், எந்தத் தகவலை எதற்கு எடுக்கிறார்கள் என்ற அறிவிப்பைத் தமிழில் படிக்க வழி இருக்கிறதா பாருங்கள். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அந்த அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி தர வேண்டும் என்கிறது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் அதில் உண்டு. விதிகள் படிப்படியாகத்தான் அமலுக்கு வருகின்றன.

6. ஆப் பிடிக்கவில்லையா? அன்இன்ஸ்டால் செய்தால் போனிலிருந்துதான் போகும், அவர்கள் சர்வரில் கணக்கு அப்படியே இருக்கும். முதலில் அளவுகளை டவுன்லோடு செய்து டாக்டருக்கு ஒரு பிரதி எடுங்கள். அப்புறம் ஆப்புக்குள் 'கணக்கை நீக்கு'. அதற்குப் பிறகு அன்இன்ஸ்டால்.