சாசேஜுக்கு அரைத்த ஆட்டிறைச்சி கூழானது ஏன்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுச் சாசேஜுக்காக வாங்கிய, இறைச்சி அரைக்கும் 22ஆம் எண் அளவுக் கைமெஷினோடு நான்கு நாள் போனது. ஆட்டிறைச்சி மணிமணியாக விழாமல் வெள்ளைப் பசையாக வழிந்தது, சுட்டால் கொழுப்பு தனியே உருகி ஓடிவிட்டது.

சூடுதான் காரணம் என்று இறைச்சியை 2 டிகிரிக்குக் குளிரவைத்து, மெஷின் பாகங்களையும் ஃபிரீசரில் வைத்தேன். முதல் இரண்டு பிடி நன்றாக வந்தது, அப்புறம் பழையபடியே. கத்தி திரும்பியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை, கத்தியின் தட்டையான பக்கம், இறைச்சி வெளியே வரும் துளைத்தட்டோடு ஒட்டித்தான் இருந்தது. 4.5 மில்லிமீட்டர் தட்டுக்குப் பதில் 8 போட்டும் பயனில்லை.

தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்த மாமாதான் கத்தியின் முகத்தில் மார்க்கர் மை பூசி, வெறுமனே இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கச் சொன்னார். கத்தியின் நான்கு இறக்கைகளில் இரண்டில் மை அப்படியே இருந்தது! அந்த இரண்டும் தட்டைத் தொடவே இல்லை, நரம்பு அங்கேதான் சுற்றிக்கொண்டு கொழுப்பை நசுக்கியிருக்கிறது. சமமான கண்ணாடி மேல் 400 எண் மணல்தாளை விரித்து, நான்கிலும் மை போகும்வரை தேய்த்தேன், தட்டையும் அப்படியே. பிறகு சோப்புப் போட்டு வெந்நீரில் கழுவித் துடைத்தேன்.

இப்போது இறைச்சி நூல்நூலாக விழுகிறது, நிம்மதி. அந்தக் கத்தியையும் தட்டையும் ஜோடி பிரிக்காமல் ஒரே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.