கருப்பு தெரியட்டும் என்று காத்திருந்தால்...

மூக்கடைத்துக் கன்னம் கனத்தால் சென்னை வீடுகளில் முதல் தீர்ப்பு, "தலையில நீர் கோத்திருக்கு." நொச்சி இலை போட்டு ஆவி, நெற்றிக்குப் பற்று, தெருமுனை மெடிக்கலில் இரண்டு மாத்திரை. பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும். ஆனால் சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர், ஸ்டீராய்டு சாப்பிடுபவர், கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர் இந்தத் தீர்ப்பை நம்பி நாளைக் கடத்தக் கூடாது. அவர்களுக்கு அது கருப்புப் பூஞ்சையின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

2021 கொரோனா இரண்டாம் அலையில் 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயர் வீட்டுக்கு வீடு பரவியது. அந்த மே மாதம் தமிழக அரசு அதைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக்கியது. குழப்பமே பெயரில்தான். மியூகார்மைகோசிஸ் என்பதுதான் இந்த நோயின் மருத்துவப் பெயர்; இதன் பூஞ்சை கருப்பு அல்ல. அது ரத்தக் குழாய்க்குள் நுழைந்து அடைத்துவிடும். ரத்தம் வராமல் செத்த சதைதான் கருக்கிறது. அதாவது கருப்பு தெரிகிறபோது நோய் முன்னேறியாயிற்று.

முந்தி வருவது வேறு: முகத்தில் ஒரு பக்கம் மட்டும் வலி, வீக்கம், மரத்துப்போவது. பஞ்சால் இரண்டு கன்னத்தையும் மாறி மாறித் தொட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் பஞ்சு பட்டதே தெரியவில்லை என்றால் அது நீர்க்கோர்வை இல்லை. இமை சரிந்தாலோ பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, விடியட்டும் என்று இருக்காமல் இரவோடு இரவாக ஜி.எச். மாதிரி காது மூக்கு தொண்டைப் பிரிவுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

பல்லும் ஏமாற்றும். நேற்றுவரை கெட்டியாக இருந்த மேல்வரிசைப் பற்கள் ஆடும். பிடுங்கிய குழி ஆறாது. பல் டாக்டரிடம் சர்க்கரை அளவையும் ஸ்டீராய்டு விவரத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். (பயந்துபோய் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்துவதும் ஆபத்துதான்.)

சி.டி. ஸ்கேனில் எலும்பு அரிக்கவில்லை என்று நிம்மதியாகிவிடுவது இன்னொரு தவறு. எலும்பு அரிப்பது தாமதமாகத்தான் தெரியும். எண்டோஸ்கோப்பியில் பார்த்து, துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும்.

அப்புறம், படர்தாமரைக்கு வாங்கிய ஃபுளூகோனசோல். இந்தப் பூஞ்சையிடம் அது செல்லாது. ஆம்ஃபோடெரிசின்-பி என்ற மருந்து டிரிப்ஸில்தான் ஏற வேண்டும். கூடவே சிறுநீரகத்தையும் பொட்டாசியத்தையும் கவனிப்பார்கள். "ஆபரேஷன் வேண்டாம், மருந்திலேயே பார்ப்போம்" என்று கேட்காத குடும்பம் இல்லை. குழாய் அடைத்த இடத்துக்கு மருந்து எந்த வழியில் போகும்? செத்த சதையை வெட்டி எடுத்தே ஆக வேண்டும், சில நேரம் இரண்டு மூன்று முறை.

வீடு திரும்பியவருக்குத் தட்டைத் தனியாக வைக்காதீர்கள். இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.