கட்டடம் வந்தது, செவிலியர் எங்கே? சுகாதார பட்ஜெட்டை வாசிக்கும் வழி

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். "புதுக் கட்டடம் கட்டினார்கள், பிரசவம் பார்க்க ஆளில்லையே" என்று யாராவது கேட்டு வந்தால், பட்ஜெட் புத்தகத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன். காரணம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

தமிழ்நாட்டில் மக்கள் நல்வாழ்வுத் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறை சட்டமன்றத்திடம் பணம் கேட்கும் ஆவணம், எண் 19. நிதித் துறையின் இணையதளத்தில் கிடைக்கும். பக்கங்களைப் பார்த்து மலைக்காதீர்கள். முதலில் 2210, 4210 என்ற இரண்டு கணக்குத் தலைப்புகளைத் தேடுங்கள். 2210 வருவாய்ச் செலவு: சம்பளம், மருந்து, பராமரிப்பு. 4210 மூலதனச் செலவு: பெரும்பாலும் கட்டடங்கள். கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டலாம், கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம், தேர்தலுக்கு முன் திறந்து வைக்கலாம். செவிலியர் பணியிடத்துக்கு அந்த வசதி இல்லை. ஒருமுறை உருவாக்கினால் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போகும் செலவு அது. அதனால்தான் நிரந்தரப் பணியிடம் கேட்டால் தொகுப்பூதிய ஆள் வருகிறார். இது எனக்கு ஆறாத வருத்தம்.

அடுத்து 2210-க்குள் போங்கள். அதன் துணைத் தலைப்புகளில் 03 கிராமப்புறச் சேவை. அதில் 103 ஆரம்ப சுகாதார நிலையங்கள். பக்கத்திலேயே 05, மருத்துவக் கல்வி. இரண்டும் சில ஆண்டுகளில் எவ்வளவு வளர்ந்தன என்று எழுதிப் பாருங்கள். 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நல்ல காரியம். ஆனால் கட்டுவதற்கு ஒன்றிய அரசு பங்கு தந்தது. நடத்தும் செலவு மாநிலத்தின் தலையில். அந்தச் சுமை வேறு எந்தத் தலைப்பை இறுக்குகிறது என்று பார்ப்பது நம் வேலை.

ஒவ்வொரு வரியிலும் பட்ஜெட் மதிப்பீட்டையும் (ஆண்டுத் தொடக்கத்தில் அறிவித்தது) திருத்த மதிப்பீட்டையும் (பிறகு மாற்றியது) ஒப்பிடுங்கள். அறிவித்த தொகை ஓசையில்லாமல் குறைவது இங்கேதான் தெரியும். தேசிய சுகாதார இயக்கத்தின் பணமாக இருந்தால் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்ற பங்கீடு. மேலிருந்து தவணை தாமதமானால் கீழே சம்பளம் தாமதமாகும்.

மொத்த பட்ஜெட்டில் சுகாதாரத்தின் விழுக்காட்டையும் கணக்கிடுங்கள். மாநிலங்கள் 2020-க்குள் 8 விழுக்காட்டுக்கு மேல் ஒதுக்க வேண்டும் என்றது 2017 தேசிய சுகாதாரக் கொள்கை. அதுவே உங்கள் அளவுகோல்.

பிறகு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு. உங்கள் நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, மருந்துக்கான பாஸ்புக்கில் (நிலையத்தின் மருந்து ஒதுக்கீட்டையும் எடுத்த மருந்தின் மதிப்பையும் பதியும் புத்தகம்) இந்த ஆண்டு ஒதுக்கீடு எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கிடைத்த எண்களோடு கிராம சபைக்குப் போய், காலிப் பணியிடங்களை நிரப்பக் கோரும் தீர்மானத்தை அந்த எண்களுடன் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். நகல் வாங்காமல் திரும்பாதீர்கள்.