ஊருக்கு வந்தாச்சு, கணினியும் மாறியாச்சு: வீட்டுக் கணக்கை இனி எதில் எழுதுவது?

லண்டனிலோ ரொறன்ரோவிலோ பல வருஷம் விண்டோஸில் கணக்கு எழுதிவிட்டு, பிள்ளைகள் வாங்கித் தந்த ஆப்பிள் மக்புக்கோடு யாழ்ப்பாணத்தில் வந்து குடியேறுகிறவர்களுக்கு இந்தக் குறிப்பு. கிணறு இறைக்க ஆள் பிடிப்பது, கிராம சேவையாளரிடம் பதிவது எல்லாவற்றையும் சொந்தக்காரர்கள் சொல்லித் தருவார்கள். கணக்கு மென்பொருளைப் பற்றி அவர்களிடம் கேட்டால் ஒரு கொப்பியை வாங்கித் தருவார்கள். அதுவும் மோசமில்லை. ஆனால் பணம் இரண்டு நாட்டில் இருந்தால் கொப்பி போதாது.

முதல் வேலை, பழைய விண்டோஸ் கணினியை யாருக்கும் கொடுத்துவிடாமல் வைத்திருப்பது. பலர் விண்டோஸில் வீட்டுக் கணக்கு எழுதிய மைக்ரோசொஃப்ட் மணி 2009இல் விற்பனையிலிருந்து நின்றுபோனது. அதற்கு மக் பதிப்பே கிடையாது. குவிக்கன் என்ற மற்றக் கணக்கு மென்பொருளுக்கு மக் பதிப்பு உண்டு, ஆனால் அது வேறு புரோகிராம், கோப்பு வடிவமும் வேறு. சந்தாவும் கட்டவேண்டும். அது அமெரிக்க, கனடிய வங்கிகளுக்காகச் செய்தது, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு அதற்குக் காசு கட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2020 கடைசியிலிருந்து வந்த, ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மக்குகளில் பூட் கேம்ப் (பழைய மக்குகளில் விண்டோஸ் போட உதவிய வசதி) வழியாக விண்டோஸ் போடவும் முடியாது. ஆகவே பழைய கணக்குகளைக் கியூஐஎஃப் (QIF, பல கணக்கு மென்பொருள்கள் படிக்கும் கோப்பு வடிவம்) கோப்புகளாக வெளியே எடுத்துவிடுங்கள். மணியில் ஒவ்வொரு கணக்காகத்தான் எடுக்கலாம், பொறுமை வேண்டும்.

கியூஐஎஃப்பில் இரண்டு சிக்கல். எந்த நாணயம் என்று அதில் எழுதியிருக்காது. திகதியும் நாள் முன்னா மாதம் முன்னா என்று தெளிவாக இராது. மார்ச் 4 ஏப்ரல் 3 ஆகிவிடும். கனடாவிலிருந்து வருகிறவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்கவேண்டும். பவுண்ட்ஸ் கணக்குகளை ஒன்றாகவும் டொலர் கணக்குகளை வேறாகவும் ஏற்றுங்கள். ரூபாய்க் கணக்குகளைப் புதிதாகத் தொடங்குவதே நல்லது.

சரி, எதில் ஏற்றுவது? என் தெரிவு குனூகாஷ் (GnuCash) என்ற கணக்கு மென்பொருள். இலவசம், விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், அதனால் அடுத்த முறை கணினி மாறினாலும் கோப்பு கூடவே வரும். ஒரே நாணயத்துக் கோப்புகளைச் சேர்த்து ஏற்றினால், ஒரு கணக்கிலிருந்து மற்றதற்கு மாற்றிய பணம் இரண்டு தரம் விழுவதையும் கண்டுபிடிக்கும். கணக்கின் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம்: சீட்டு, கைமாற்று, மேசன் கூலி, கோயில் உபயம். ஒவ்வொரு தொகையையும் இரண்டு கணக்கில் காட்டும் அதன் இரட்டைப் பதிவு முறை முதலில் குழப்பும். அது ஒத்துவராதவர்கள் காசு கொடுத்து மணிடான்ஸ் என்ற மென்பொருளை வாங்கலாம். கைபேசியிலும் அதைப் பார்க்கலாம். பாங்டிவிட்டி என்ற இன்னொன்று அழகாயிருக்கிறது, ஆனால் ஆப்பிள் கருவிகளில் மட்டும் ஓடும். ஒருமுறை இடம்பெயர்ந்தவர்கள் இன்னொரு பூட்டுக்குள் போய் ஏன் இருக்கவேண்டும்?

தெரிவு செய்யும்போது வங்கியோடு தானாக இணையும் வசதியைப் பார்த்து மயங்கவேண்டாம். இங்கே ஆஸ்பத்திரி வீதி வங்கிகளில் உங்களுக்குக் கிடைப்பது பாஸ்புக்கும் பிடிஎஃப் அறிக்கையும்தான். கையால்தான் எழுதப்போகிறீர்கள். பார்க்கவேண்டியது, ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் அன்றைய மாற்று வீதத்தைத் தனியாகப் பதிய முடிகிறதா என்பது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அந்த நேரத்தில் வீடு திருத்தக் காசு எடுத்தவருக்கு ஒரே வீதத்தில் போட்ட கணக்கு எதையும் சொல்லாது.

அறிக்கைகளை எந்தத் திகதியிலிருந்தும் எடுக்க முடியவேண்டும். இலங்கையின் வரி வருஷம் ஏப்ரல் 1இல் தொடங்கும், பிரித்தானியாவினது ஏப்ரல் 6, கனடாவினது ஜனவரி 1. நிலையான வைப்பு வைத்திருப்பவர்கள் வட்டியை முழுத் தொகையாக எழுதி, வங்கி கழிக்கும் வரியைத் தனிப் பதிவாகக் காட்டுங்கள். அந்தக் கழிவு 2025 ஏப்ரலிலிருந்து 10 வீதம். கையில் வந்ததை மட்டும் எழுதினால், வரிப் படிவம் நிரப்பும் நாளில் பாஸ்புக்கோடு மல்லுக்கட்ட வேண்டிவரும்.

குனூகாஷ் கோப்புக்குக் கடவுச்சொல் போட முடியாது. வந்து போகிற சொந்தம் கூடிய வீடென்றால் மக்கில் ஃபைல்வோல்ட்டை (வட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டும் வசதி) போட்டுவையுங்கள். குனூகாஷ் எடுக்கும் காப்புப் பிரதிகளும் அதே கோப்புறையில்தான் கிடக்கும், வாரம் ஒருமுறை பென் டிரைவில் பிரதி எடுங்கள். பழைய கணினியை, அங்கே கடைசி வரிப் படிவம் கொடுத்து முடித்த பிறகு மருமகனுக்குக் கொடுக்கலாம்.